சும்மா கிடந்த காம்பரா

அத்தியாயம் ஏழு

கஹவத்தை பஸ்ஸில் இருளப்பனின் காலில் ஏறிய அட்டை, பெல்மடுல்லை தாண்டுவதற்குள் வயிறு முட்டக் குடித்து, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தது. இருளப்பன் அதைத் தடுக்கவில்லை. துப்புத் துலக்கித் துலக்கிச் சலித்துப்போன அந்த உடம்பில் இன்னும் இரத்தம் இருக்கிறது என்று ஒரு ஜீவனாவது நம்புகிறதே என்று பேசாமல் இருந்தார்.

"ஐயா, அட்டைக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்த ஜூலியட்.

"அது சீசன் டிக்கெட் வெச்சிருக்கு புள்ள."

இருளப்பனை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சப்ரகமுவ மலைகளில் தனியாளாகத் துப்புத் துலக்குகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சீருடை போட்டுக்கொண்டு கூட்டமாகத் துலக்கினார்கள். பலாங்கொடையில் காணாமல் போன ஒரு கோயில் யானையை வாழைத் தோட்டத்துக்குள் கண்டுபிடித்து, வீடு திரும்ப மாட்டேன் என்பதற்கு அது சொன்ன காரணம் நியாயமாகப் பட்டதால், யானை அகப்படவில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர். உதவியாளர் ஜூலியட் எஹலியகொடையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். வகுப்பில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அவளுடைய முறை வருவதற்குள் பாடம் மாறிவிட்டது. ஆனால் அவளுடைய வாய் மட்டும் எங்கேயும் முறைக்காகக் காத்திருந்ததில்லை.

இரத்தினபுரிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, திரும்ப ஏற்றியதில் மழை முழுவதும் சட்டைக்குள் வந்து சேர்ந்திருந்தது. யுத்தம் நடந்த இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பாதையில் பிரயாணம் என்றால் அப்படித்தான். இருளப்பன் சட்டையைப் பிழிந்தார், அட்டையை இறக்கிவிட்டார், தானும் இறங்கினார்.

கஹவத்தைக்கு மேலே, றப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் மேட்டில் இருந்தது பளீல் முதலாளியின் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்துப் பேச்சில் 'ஸ்டோர்'. காரியாலயத்தில் பளீல் முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இளைஞர் ஒருவர்: மடிப்புக் கலையாத சட்டை, பையில் உயர வரிசைப்படி குத்திய மூன்று பேனாக்கள்.

"இது ஸ்ரான்லி. கொழும்பு. நம்ம கலர் சோட்டர் மெஷினச் செஞ்சவரு," என்றார் முதலாளி. "இரிங்க, இருளப்பன். தேத்தண்ணி குடிங்க. நேரம் இல்ல, இரிந்தாலும் குடிங்க."

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒன்று காலியாக இருந்தது. ஜூலியட் அதில் உட்காரக் குனிந்தாள். அதற்குள் ஸ்ரான்லி அதைத் தூக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஒட்டிப் போட்டார்.

"சும்மா இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கு," என்றார்.

"ஆமாங்க. நான் நின்னா எடம் மிச்சம்," என்றாள் ஜூலியட், அந்தரத்தில் குனிந்தபடியே.

தட்டில் தேநீர் வந்தது. ஸ்ரான்லி பேசிக்கொண்டே கோப்பைகளை ஒன்றோடொன்று முட்டும்படி நெருக்கி வைத்தார். இருளப்பன் தன்னுடையதை எடுக்கப் போக, பக்கத்துக் கோப்பை தளும்பியது. முழங்கால் வலியில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். தேயிலைத் தூளில் கலந்து வரும் காம்பைப் பிரிக்க அந்த மெஷின். தூள் இரண்டு வாய்க்கால்களில் அருவி மாதிரி விழும். ஒவ்வொரு அருவியையும் ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். காம்பு கண்ணில் பட்டதும் ஒரு சின்னக் குழாய் 'புஸ்' என்று காற்றை ஊதி அதை வெளியே தள்ளும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு இரண்டு மூளை. கேமராவுக்கு ஒரு மூளை. ஒரு மாதம் சோக்காக ஓடியது. பிறகு காற்று பிந்தி ஊதத் தொடங்கியது. காம்பு தப்பித் தூளுக்குள் போனது. நல்ல தூள் வெளியே பறந்தது. கொழும்பில் தரகர் கோப்பையை வாயில் வைத்துவிட்டு, விளக்குமாற்றுக் கஷாயம் என்று சொல்லியிருக்கிறார்.

"இதுல துப்புத் துலக்க என்னாங்க இருக்கு? மெக்கானிக்கத்தானே கூப்பிடணும்," என்றார் இருளப்பன்.

"மெக்கானிக் கோளாறு இல்ல சேர். நாசவேலை," என்றார் ஸ்ரான்லி. "உள்ளே ஓடுற புரோகிராம எழுதினது ஜீவராணி. இந்தத் தோட்டத்து டிவிஷன் பிள்ளைதான், எங்ககிட்ட வேலை. அக்கா பிரசவத்துக்கு லீவுல போனா. அவ போன அன்னைக்கே மெஷின் படுத்துருச்சு. போறதுக்கு முன்னுக்கு சம்பள விஷயமா என்னோட வாக்குவாதம். நானே மூணு நாளா உக்காந்து அவ எழுதினத வரி வரியாப் பாத்தேன். எதச் சொருகியிருக்கான்னு கண்டுபிடிக்க முடியல. அவ்வளவு நுட்பமா ஒளிச்சிருக்கா."

"பொலிஸுக்குச் சொல்லியாச்சா?"

முதலாளி தொப்பியைத் திருப்பி வைத்தார். "நாங்க சொல்லல. இவரு கொழும்புக்குப் போன்ல பேசியிரிக்காரு. கம்ப்யூட்டருக்கு அடியில ஓடுற புரோகிராமுக்கு இங்கிலீஸ்ல கேர்னலாம். 'கேர்னலுக்குள்ள ஜீவராணி கை வெச்சிட்டா, நாசவேலை'ன்னு சத்தமாச் சொல்லியிரிக்காரு. வாசல்ல நின்ன வாட்சருக்குக் கேட்டது கேணல், இயக்கத்துப் பெரிய ஆளோட பட்டம். கேணல், நாசவேலை, தமிழ்ப் பிள்ளை. வாட்சர் அதக் கடைத்தெருவுல சொல்லி, இப்ப பொலிஸ் ஜீப் வருது. எந்தக் கேணல்னு கேக்க."

ஜூலியட்கூட வாயை மூடிக்கொண்டாள். அந்த வருஷத்தில் அந்த இரண்டு சொற்களையும் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வைத்தால், அவள் ஜீப்பில் ஏறுவாள். எப்போது இறங்குவாள் என்று எவரும் சொல்ல முடியாது.

"ஜீப் எப்ப வருமுங்க?"

"மண் சரிஞ்சு பாதையில கிடக்கு. அத வெட்டினதும் வரும்."

இருளப்பன் எழுந்தார். அவருடைய வாழ்க்கையில் மண்சரிவு ஒன்று உதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மெஷின் அறையில் தூள் வாசனை மூக்கில் ஏறியது. வாய்க்கால் இரண்டிலும் தேயிலை கொட்டிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாய்கள் ஊதின. ஆனால் விக்கல் எடுத்தவன் பேசுவது மாதிரி, சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லின. தப்பி வந்த காம்பைக் கையால் பொறுக்க, வலது வாயில் தெரேசம்மாவும் இடது வாயில் மருதாயியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வலது கேமராவ நிப்பாட்டுங்க," என்றார் இருளப்பன்.

நிறுத்தினார்கள். இடது பக்கம் அந்த நிமிடமே திருந்தியது. ஒரு காம்பு தப்பவில்லை.

"இப்ப இதப் போட்டு, அத நிப்பாட்டுங்க."

வலது பக்கம் திருந்தியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டதும் இரண்டுக்கும் விக்கல்.

"தனியா இருந்தா ரெண்டும் தங்கம். சேந்தா ரெண்டும் தகரம்," என்றாள் ஜூலியட். "எங்க அண்ணனும் அண்ணியும் மாதிரி."

"ரெண்டுக்கும் சண்டையா?"

"அப்படி எதுவும் இல்ல சேர்," என்றார் ஸ்ரான்லி. "ஒண்ணு மத்ததத் தொடவே தொடாது. தனித்தனிக் கேமரா, தனித்தனி மூளை. பாத்த புள்ளிகள எண்ணுற கணக்குக்கூடத் தனித்தனி. அதனாலதான் சொல்றேன், வேணும்னே செஞ்ச வேல."

இருளப்பன் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார். யோசிப்பதற்காக அல்ல, முழங்காலுக்காக. அப்படி உட்கார்ந்ததில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. தெரேசம்மா எழுந்தாள், மெஷினைச் சுற்றி இடது பக்கம் போய், மருதாயியின் மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து வந்து, ஒரு பாக்கை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உடனே மருதாயி எழுந்து வந்தாள்; அதே பையைத் தூக்கிப் போய் ஒரு கிள்ளு புகையிலை எடுத்தாள். மறுபடி தெரேசம்மா. மறுபடி மருதாயி. இருவர் இடத்திலும் காம்பு குவிந்து கிடந்தது, பொறுக்க ஆளில்லாமல்.

"என்னாங்க அக்கா, பைக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று கேட்டாள் ஜூலியட்.

"பாக்கு என்னோடது," என்றாள் தெரேசம்மா. "அவ பொயிலைய நான் தொட்டதில்ல. மாதா மேல ஆணை."

"பொயில என்னோடது. அவ பாக்க நான் கையால தொட்டதில்ல," என்றாள் மருதாயி. "கதிரேசன் சாமிக்குப் பொதுவாச் சொல்றேன்."

"அப்ப ஆளுக்கொரு பை வெச்சுக்கிறதுதானே?"

"எதுக்கு? ஒரு பைக்குள்ளதான் ரெண்டும் கொள்ளுதே."

இருளப்பன் கொட்டாவி விட்டார். பாதி கொட்டாவியில் அவருடைய வாய் அப்படியே நின்றது. நெடுநாள் பழகிய ஜூலியட், அவர் தாடை பிடித்துக்கொண்டதா அல்லது துப்புக் கிடைத்ததா என்று பார்ப்பதற்காகக் கொஞ்சம் காத்திருந்தாள்.

"அந்தப் புள்ள எங்க இருக்கு?" என்றார் அவர்.

லீவில் இருந்த ஜீவராணியை அழைத்து வந்து சாக்கு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில், கேணலைக் கண்டுபிடித்த அதே வாட்சர். மெலிந்த பெண். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி அழாமல் இருப்பதற்காக விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய துக்கம் போலிருந்தது.

"ரெண்டு கேமராவும் எண்ணுற கணக்கு தனித்தனிதானேம்மா?" என்றார் இருளப்பன்.

"தனித்தனிதாங்க ஐயா."

"அது ரெண்டையும் எங்க வெச்சிருக்க? ஒரே பையிலயா?"

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்டதை வேறு யாரும் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"ஒரே பையில வெச்சா மோசம் போயிடுங்க. மூளை ஒவ்வொண்ணும் தனக்கு வேண்டியதப் பக்கத்துல எடுத்து வெச்சுக்கும். ஒண்ணொண்ணா எடுக்காது, கட்டுக்கட்டா எடுக்கும். அந்தக் கட்டுக்குப் பேரு லைன். கேஷ் லைன்."

"காசு லைனா? அதுல ஒரு காம்பரா எனக்குக் கெடைக்குமா?" என்றாள் ஜூலியட்.

ஜீவராணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "நம்ம தோட்டத்து லைன் வீடு மாதிரியேதாங்க அக்கா. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறைன்னு வரிசையாக் காம்பரா. ஒரு காம்பராவுல வலது கேமராவோட கணக்கு. அடுத்த காம்பராவுல இடது கேமராவோட கணக்குன்னு வைங்க. வலது மூளை தன்னோட காம்பராவுல ஒண்ணக் கூட்டி எழுதினாலே, இடது மூளைகிட்ட இருக்கிற அந்த லைன் முழுசும் செல்லாது. அது போய் மறுபடி லைனையே தூக்கிட்டு வரணும். அது எழுதினா இதுக்குச் செல்லாது. ஒரு புள்ளிக்கு ஒரு தடவை இப்படி ஓடினா, காத்து ஊத எங்க நேரம்?"

"பக்கத்துக் காம்பராவத் தொடாட்டியும்?"

"தொடாட்டியும். மூளைக்குக் காம்பரா தெரியாதுங்க. லைன்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றார் இருளப்பன். "நான் பொறந்தது லைன்லதான். ஒரு காம்பராவுல ஒருத்தன் எதையாச்சும் செஞ்சான்னா, மொத்த லைனையுந்தான் ஏத்திட்டுப் போவாங்க."

எங்கோ கீழே பாதையில் மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. அது நல்ல சகுனமாக இருளப்பனுக்குப் படவில்லை.

"ஆனா அப்படி ஆக முடியாதுங்க ஐயா. ரெண்டு கணக்கையும் நான் பக்கத்துப் பக்கத்துல வெக்கல. நடுவுல சும்மா இருக்கு."

"நடுவுல என்னா இருக்கு?"

"சும்மா."

"சும்மான்னா, ஒண்ணும் இல்லியா?"

"இருக்குங்க. சும்மா இருக்கு."

"எது சும்மா இருக்கு?"

"அதுக்குப் பேரே சும்மாதாங்க. ஒண்ணுக்கும் பாவிக்காத காலிக் காம்பரா. ஒரு லைன் ரொம்புற அளவுக்கு வெச்சேன், இது ரெண்டும் வேற வேற லைனுக்குப் போகணும்னு. எல்லாத்துக்கும் பேர் வெக்கணுமே. சும்மான்னு வெச்சேன்."

"எதுக்குன்னு பக்கத்துல எழுதினியா?"

ஜீவராணி மறுபடி நகத்தைப் பார்த்தாள். "இல்லங்க. எனக்குத் தெரியுந்தானேன்னு விட்டுட்டேன்."

காரியாலயத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஜூலியட்டை உட்கார வைத்தார் இருளப்பன். ஜீவராணி அதைத் தொடக்கூடாது என்று ஸ்ரான்லி சொல்லியிருந்தார். அதனால் அவள் கதவோரம் நின்றபடி எதை அழுத்துவது என்று சொல்ல, ஒருவழியாக ஜூலியட்டுக்கு முறை வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் காட்டில் சுள்ளி பொறுக்குகிற மாதிரி தேடித் தேடி அழுத்தினாள்.

"சும்மாவத் தேடு," என்றார் இருளப்பன்.

தேடினாள். மேலே போனாள். கீழே போனாள்.

"சும்மா இல்லீங்க ஐயா."

"அதத்தானே நானும் சொல்றேன். சும்மா இல்ல, ஏதோ செஞ்சிருக்கா," என்றார் ஸ்ரான்லி.

ஜீவராணி கதவைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். இரண்டு கணக்கும் ஒன்றன் கீழ் ஒன்றாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. "நான் வெச்சேங்க," என்றாள். "சத்தியமா வெச்சேன்."

இருளப்பன் பெருமூச்சு விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார். "இன்னொரு தேத்தண்ணி கெடைக்குமுங்களா?"

"ஜீப் வர்ற நேரத்துல தேத்தண்ணியா?"

"அதுக்காகத்தாங்க."

தட்டு வந்தது. நான்கு கோப்பைகள், தள்ளித் தள்ளி. இருளப்பன் தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்து, காலிக் கோப்பையை நடுவில் வைத்தார். ஸ்ரான்லியின் கை தானாக நீண்டது. காலிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தது. மற்ற மூன்றையும் முட்டும்படி நெருக்கியது.

"அத ஏன் தம்பி எடுத்தீங்க?"

"எத? ஓ, இதையா. சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு..."

ஸ்ரான்லி நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார், சுவரோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தார், கடைசியாகத் திரையைப் பார்த்தார்.

"ஜீவராணி லீவுல போன அன்னைக்கு அவ எழுதினத யாரு திறந்தது?" என்று கேட்டார் இருளப்பன். குரலில் வெற்றி எதுவும் இல்லை. பஸ்ஸில் கடைசி ஆசனமும் போய்விட்டதைச் சொல்லும் கண்டக்டரின் குரல் அது. "புதுசா உள்ள வந்த ஆளத்தான் எல்லாரும் தேடினீங்க. வீட்ட விட்டுப் போன ஆளத் தேடவே இல்ல."

"நான்தான் திறந்து கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்," என்றார் ஸ்ரான்லி மெதுவாக. "துப்புரவாத்தான் எழுதியிருந்தா. ஒரு இடத்துல மட்டும்... சும்மான்னு ஒண்ணு. எங்கேயுமே பாவிக்கல. பேரே சும்மா. வீண்னு நெனச்சு எடுத்துட்டேன். அது ஞாபகத்துலயே இல்ல." அவருடைய காது சிவந்திருந்தது. "சின்ன விஷயம் சேர். ஒண்ணுமில்லாதது அது. ஒண்ணுமில்லாதத எடுத்தா..."

"அப்ப மூணு நாளாக் களவாணியத் தேடினது களவாணியேவா?" என்றாள் ஜூலியட். "ஐயா, இவருக்கு நாம சம்பளம் கேக்கலாம். நம்ம வேலைய இவருதான் செஞ்சிருக்காரு."

"ஜூலியட்," என்றார் இருளப்பன். அவள் நிறுத்தினாள்.

ஜீவராணி யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஸ்ரான்லி நகர்ந்து வழி விட்டார். இரண்டு கணக்குகளுக்கும் நடுவே சும்மாவை மறுபடி குடிவைத்தாள். இந்தத் தடவை பக்கத்தில் ஒரு வரியும் எழுதினாள்: 'இந்தக் காம்பரா காலியாகவே இருக்க வேண்டும். இது இருப்பதால்தான் மற்ற இரண்டும் ஓடுகின்றன.' புரோகிராமை உருட்டித் திரட்டி மெஷினுக்குள் ஏற்றினாள்.

மெஷின் அறையில் இரண்டு கேமராவும் விழித்தன. இரண்டு அருவியும் கொட்டின. புஸ், புஸ், புஸ் என்று காற்று, கைதேர்ந்த சமையற்காரி கல் பொறுக்குகிற வேகத்தில், ஒன்றையும் விடாமல் ஊதியது. தெரேசம்மாவும் மருதாயியும் பொறுக்கக் காம்பு வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதனால் என்ன, பை மட்டும் நடந்துகொண்டேயிருந்தது.

அந்தச் சத்தத்தினூடே, வளைவில் ஜீப் முனகிக்கொண்டு ஏறுவது கேட்டது.

சார்ஜன் நனைந்து வந்தார். வழியில் அவரும் இறங்கி மண் வெட்டியிருக்க வேண்டும். சப்பாத்து எது, சேறு எது என்று தெரியவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். ஆனால் அவர் கையில் ஒரு பெயர் இருந்தது. பெயரோடு வந்த பொலிஸ்காரர் வெறுங்கையோடு திரும்புவது வழக்கமில்லை.

"யார் அந்தக் கேணல்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இதோ, இந்தப் பெட்டிக்குள் இருக்கிறார், மாத்தயா," என்றார் இருளப்பன், அதே மொழியில், அதே சோர்வில். "கம்ப்யூட்டரின் அடியில் ஓடும் புரோகிராமுக்கு அந்தப் பெயர். ஆள் இல்லை, எழுத்து."

சார்ஜன் பெட்டியைச் சுற்றி வந்தார். குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். "இவருக்குக் கீழே எத்தனை பேர்?"

"இரண்டு பேர். இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறையில் போட்டதால் வேலை கெட்டுப் போனது. நடுவில் ஓர் அறையைக் காலியாக விட்டதும் சரியாகிவிட்டது."

சார்ஜன் நிமிர்ந்தார். பொலிஸ் குடியிருப்பில் இருபது வருஷம் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர் அவர். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு புரிதல் எட்டிப் பார்த்தது. ஆனாலும் கையில் இருந்த பெயரை அவர் விடவில்லை.

"நாசவேலை என்றார்களே. இந்த ஜீவராணி யார்?"

ஜீவராணி ஓரடி முன்னால் வந்தாள். பளீல் முதலாளி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

இருளப்பன் இனிமேல் பேச முடியாது. அவர் சொன்னால் அது ஒரு தமிழன் தன் ஊர்ப் பெண்ணுக்காகச் சொன்னதாகிவிடும். அவர் ஸ்ரான்லியைப் பார்த்தார். ஸ்ரான்லி தன் பையிலிருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்தார். அந்த வரிசை குலையப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குற்றம் தன்னுடையது என்று சொன்னால் மெஷின் செய்கிறவன் என்ற பெயர் போகும். சொல்லாவிட்டால் போவது வேறு.

"போனில் பேசியது நான்தான், மாத்தயா," என்றார் கொழும்புச் சிங்களத்தில். "நாசவேலை என்று சொன்னதும் நான்தான். அது பிழை. இவர் எதுவும் செய்யவில்லை. மெஷினைக் கெடுத்தது நான். இவர் வைத்திருந்த ஒன்றை நான் எடுத்துவிட்டேன்."

"எதை எடுத்தாய்?"

ஸ்ரான்லி சொல் தேடினார். சிங்களத்தில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. "நிகங்," என்றார். சும்மா.

"நிகங்?"

"நிகங்."

சார்ஜன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையாட்டினார். ஜூலியட்டைப் பார்த்தார். அவளும் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினாள்.

"அப்படியென்றால், இங்கே காணாமல் போனது?"

"ஒன்றுமில்லை, மாத்தயா," என்றார் இருளப்பன். "அதுவும் திரும்பக் கிடைத்துவிட்டது."

பொலிஸிடம் அவர் அதுவரை சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான். சார்ஜன் மெஷின் அறைக்குப் போய் நெடுநேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காம்பு வந்தது; காற்று அதைத் தூக்கி எறிந்தது; நல்ல தூள் அதன்பாட்டில் போனது. எது காம்பு, எது தூள் என்று அவ்வளவு சீக்கிரத்தில் தெரிந்துகொள்கிறதே என்று அவர் வியந்திருக்கலாம். சேற்றுச் சப்பாத்தைத் தரையில் தட்டினார்.

"நானும் நிகங்தான் வந்தேன்," என்றார்.

காரியாலயத்துக்குத் திரும்பித் தேநீர் குடித்தார். கோப்பையைத் தட்டின் நடுவே வைத்தார். ஸ்ரான்லியின் கை நீண்டது, பாதியில் நின்றது, மெதுவாக மடிக்குத் திரும்பியது.

"பஸ் போயிருக்கும்," என்றாள் ஜூலியட் வாசலில். "ஜீப்புல எடம் கேப்போமா ஐயா? ரத்னபுரி வரைக்கும் போகுமே."

"வேணாம் புள்ள. நடப்போம்."

ஜீப் வளைவில் இறங்கியது. ஜீவராணி மழையில் நின்று அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பின் பின்பக்க ஆசனம் காலியாக இருந்தது. அந்த இடம் சும்மா கிடப்பதை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஸ்ரான்லி உட்பட எவருக்கும் அது வீணாகத் தோன்றவில்லை.